வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போகிறவன் நான். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

#1 | கதவுதட்டி | ஞாயிறு காலை 9.12

போன வாரம் இங்கே வேறோர் இழையில் ஒருவர், "சர்வே எடுக்கிறவர்கள் எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத ஆரம்பித்து அளவுக்கு மீறி நீண்டுவிட்டதால் தனி இழையாகப் போடுகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறார்கள்.

2003-இல் மதுரையில் பேட்டி எடுப்பவனாகச் சேர்ந்தேன். இப்போது சென்னையில் சந்தை ஆய்வுகளை வடிவமைக்கிறேன். கேள்வித்தாள் எழுதுகிறேன், ஃபீல்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன், கடைசியில் குளிர்சாதன அறையில் நின்று அட்டவணைகளை விளக்குகிறேன். மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்காத வேலை.

சேர்ந்த இரண்டாவது மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். சோப்பு, எண்ணெய், தேயிலை, தீப்பெட்டி என்று வீட்டுச் சாமான்கள் பற்றிய கேள்விகள். எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். "வழக்கமாக எந்தத் தீப்பெட்டி வாங்குவீர்கள்?" என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "பெட்டிக்கு ஏது தம்பி பேர்? குதிரைதான்." என்னிடம் இருந்த பட்டியலில் குதிரைப் பெயர் கொண்ட ஒன்று இருந்தது. வட்டம் போட்டேன். அவர் எழுந்து உள்ளே போய் அடுப்பு மாடத்திலிருந்து பெட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "நாலு குச்சிதான் இருக்கிறது, நீயே வைத்துக்கொள்."

அந்தப் பெட்டியின் படத்தாளை ஊறவைத்துப் பிரித்து நோட்டில் ஒட்டினேன். இன்று என்னிடம் நாலாயிரத்துச் சொச்சம் படத்தாள்கள் இருக்கின்றன. வேலையும் பொழுதுபோக்கும் ஒரே திண்ணையில் தொடங்கியவை. இரண்டைப் பற்றியும் கேட்கலாம்.


#2 | சந்தேகப்பிராணி | ஞாயிறு காலை 10.40

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதுவரை என்னிடம் ஒருவரும் எந்த சேனல் பார்க்கிறீர்கள், எந்த சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டதில்லை. என் தெருவில் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் வாரந்தோறும் "தமிழ்நாட்டு மக்கள் விரும்பும்" என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. எட்டுக் கோடிப் பேரில் இரண்டாயிரம் பேரைக் கேட்டுவிட்டு எட்டுக் கோடிப் பேரின் பெயரில் பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

2013 வாசகர் கணக்கெடுப்பு நினைவிருக்கிறதா? பிசினஸ் லைனுக்குச் சென்னையைவிட மணிப்பூரில் மூன்று மடங்கு வாசகர்கள் என்று வந்தது. அதைக் கண்டித்துப் பதினெட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து அறிக்கை விட்டன. தீப்பெட்டிப் படம் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு, அதை விட்டுவிடாதீர்கள்.


#3 | கதவுதட்டி | ஞாயிறு மதியம் 12.05

கடைசி வரி குத்தலாக இருந்தாலும் ரசித்தேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை சிறியதா பெரியதா என்று பருக்கையை நசுக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டு அண்டாவுக்கும் அதே ஒரு கரண்டிதான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கரண்டி எங்கே போய் வந்தது? மேலாக அள்ளினால் மேல் சோறு மட்டும்தான் தெரியும். அடியில் தீய்ந்திருப்பது தெரியாது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அங்கே லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைத் தொலைபேசி வைத்திருப்பவர், கார் வைத்திருப்பவர் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, அட்டையைத் திருப்பி அனுப்பும் அளவுக்குக் கோபம் உள்ளவர்கள்தான் அனுப்பினார்கள். அதே தேர்தலில் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் அதைவிட மிகக் குறைந்த பேரை மாதிரியாக எடுத்துச் சரியாகச் சொன்னார். இருபது லட்சம் கரண்டியும் மேல் சோறு என்றால் என்ன பயன்?

மணிப்பூர் விவகாரம் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. நாடு முழுக்கச் சரியாக இருக்கும் மாதிரியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓர் ஆங்கில வணிக நாளிதழ், ஒரு சிறு மாநிலம் என்று போனால் மிஞ்சுவது விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்கள்தான். அவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் சாய்ந்தால் கதை மாறிவிடும். அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். காலிக் கட்டத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது வேறு வருத்தம்.

உங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை என்பதற்கு: வாக்காளர் பட்டியலிலிருந்து ஒரு தொடக்க முகவரி எடுப்போம். அங்கிருந்து வலக்கைப் பக்கமாகவே நடக்க வேண்டும். ஒரு பேட்டி முடிந்தால் இத்தனை வீடு தள்ளி அடுத்தது. உங்கள் தெரு எங்கள் வலக்கைப் பக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வந்தாலும் நீங்கள் கதவைத் திறப்பீர்களா என்பது எனக்கு ஐயமே.


#4 | மல்லிகைப்பந்தல் | ஞாயிறு மாலை 4.31

நான் இந்த வேலையில் எட்டு மாதம் இருந்தேன், கோயம்புத்தூரில். படித்து முடித்து வேறு வேலை கிடைக்காத நேரம். கதவுதட்டி அண்ணா வலக்கைப் பக்கம் நடப்பதைப் பற்றி எழுதியதும் கால் வலி திரும்ப வந்துவிட்டது.

யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு இறங்கினால் இருட்டும் வரை தெருவில்தான். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வோம். ஏன் என்று இங்கே இருக்கும் அக்காமார்களுக்குப் புரியும். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி. நாற்பது நிமிடக் கேள்வித்தாள் நிரப்பி முடித்த பிறகு, "இந்த வகை வீடுகளுக்குக் கோட்டா முடிந்துவிட்டது" என்று சூப்பர்வைசர் தூக்கிப் போட்டால் அந்த நாற்பது நிமிடம் நம் கணக்கு. நான் வேலை செய்த இடத்தில் மூன்று மாதக் கூலி பாக்கி வைத்தார்கள். கடைசி மாதத்தைக் கேட்கப் போனபோது அலுவலகத்தையே மாற்றிவிட்டிருந்தார்கள்.

இன்னொன்று அந்தக் கட்டம். வீட்டில் உள்ள பெரியவர்களை வயது வரிசையில் எழுதி, தாளின் எண்ணைப் பார்த்து, குறுக்கும் நெடுக்கும் விரல் வைத்து, இவரைத்தான் பேட்டி எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வோமே, அது. எனக்கு எப்போதும் மருமகள்தான் விழுவாள். உடனே மாமியாரோ மாமனாரோ, "அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேள்" என்பார்கள். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். முதல் இரண்டு கேள்விக்கு மாமியாரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். ஐந்தாவது கேள்வியில் என்னைப் பார்ப்பாள். அந்த ஐந்தாவது கேள்விக்காகத்தான் எட்டு மாதம் இருந்தேன்.

அண்ணா, ஒரு கேள்வி. போலித் தாள்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நான் நிரப்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நிரப்பினார்கள்.


#5 | கதவுதட்டி | ஞாயிறு இரவு 8.50

தங்கையே, கூலிப் பாக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். அறிக்கை லட்சங்களில் விலை போகும். அதன் அடியில் இருக்கும் தாளுக்குக் கூலி கொடுக்க மட்டும் கை வராது.

அந்தக் கட்டத்தை 1949-இல் எழுதிவைத்தவர் லெஸ்லி கிஷ். அன்றைய ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போய்ச் சண்டை போட்டுத் திரும்பிவந்து புள்ளியியல் படித்தவர். உங்கள் மருமகளை அடுப்படியிலிருந்து வெளியே கூப்பிட்டவர் அவர்தான்.

போலித் தாளுக்கு வருகிறேன். இப்போது டேப்லெட்டில் எடுப்பதால் எந்த இடத்தில் நின்றார்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு பங்கு வீடுகளுக்கு வேறோர் ஆள் போன் செய்து மறுபடி கேட்பார். காகிதக் காலத்தில் அதெல்லாம் இல்லை. வாசித்துத்தான் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு முறை நாற்பது தாள்களைப் பிடித்தேன். எல்லாம் ஒரே பையன் நிரப்பியவை. கெட்டிக்காரன், பேனாவை மாற்றியிருந்தான், கையெழுத்தைச் சாய்த்திருந்தான், நாற்பது வீட்டுக்கும் வேறு வேறு பதில். எதில் மாட்டினான் தெரியுமா? நாற்பது வீட்டிலும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவர்கூட "தெரியாது" என்று சொல்லவில்லை. ஒரு வீட்டிலும் இரண்டு சோப்பு இல்லை. ஒருவரும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை. காலையில் நாற்பது வீட்டிலும் காபி, டீ. நீராகாரம் குடிக்கும் ஒரு கிழவர் இல்லை. உண்மையான வீடு இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒப்புக்கொண்டான். பிறகு, "அறுபது தாளுக்கு மூன்று நாள் கொடுத்தது யார் சார்?" என்று கேட்டான். கொடுத்தது நான்தான். அவன் வண்டிக்குப் பெட்ரோல் அவன் காசு. அதன் பிறகு நான் நாட்களைக் கணக்குப் போடும் முறையை மாற்றிக்கொண்டேன். அவன் இப்போது மருந்து விற்பனைப் பிரதிநிதி, என்னைவிட நல்ல வருமானம்.


#6 | கணக்குவாத்தியார் | திங்கள் காலை 6.15

கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் புள்ளியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். காலையில் எழுந்ததும் இந்த இழையைப் பார்த்து மகிழ்ந்தேன்.

கதவுதட்டி அவர்கள் அந்தப் பையனைப் பிடித்த கதைக்கு இந்தியப் புள்ளியியலில் ஒரு பழைய வேர் இருக்கிறது. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1937-இலிருந்து வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் விளைகிறது என்று மாதிரிக் கணக்கெடுப்புகள் நடத்தினார். கணக்கெடுக்கப் போகிறவர் தவறு செய்வார், சில சமயம் வேண்டுமென்றே செய்வார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகள், இரண்டு தனித்தனிக் குழுக்கள். ஒரு குழுவின் கணக்கும் மற்றதன் கணக்கும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பார். ஆளைத் திட்டுவதில்லை, விலகலை அளப்பார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது.

இன்னொரு செய்தியும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வியில் இருக்கும் கால அளவே பதிலை மாற்றிவிடும். "கடந்த ஏழு நாளில் எவ்வளவு அரிசி?" என்று கேட்டுப் பெருக்கினால் வரும் தொகை, "கடந்த முப்பது நாளில் எவ்வளவு?" என்று கேட்டால் வருவதைவிட அதிகம். ஐம்பதுகளிலேயே சோதித்துப் பார்த்த விஷயம் இது. அந்தத் தேசியக் கணக்கெடுப்பின் 1999-2000 சுற்றில் உணவுச் செலவை ஒரே வீட்டில் இரண்டு விதமாகவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் சொன்னதற்கு மற்றதைப் பொருத்திச் சொல்லத்தானே மனம் போகும்? 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை அந்தச் சுற்றில் 26 விழுக்காடாக இறங்கியது. உண்மையில் எவ்வளவு இறங்கியது, கேள்வியால் எவ்வளவு இறங்கியது என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தை எங்கே அச்சடிப்பது என்பதில் கோடிக்கணக்கான ஏழைகள் காகிதத்தில் கூடுவார்கள், குறைவார்கள்.

என் மனைவியிடம் நேற்றுச் சோதித்தேன். வாரத்துக்கு எத்தனை தேங்காய் என்றதற்கு நான்கு என்றாள். மாதத்துக்கு என்றதற்குப் பத்து என்றாள்.


#7 | சாரல் | திங்கள் காலை 11.20

எங்கள் வீட்டுக்கு ஒரு முறை சர்வே எடுக்க வந்தார்கள், தென்காசியில். பேட்டியே எடுக்கவில்லை. டி.வி. இருக்கிறதா, பிரிட்ஜ் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். எங்கள் அப்பா என்ன படித்தார் என்று கேட்டார்கள். பிறகு, "உங்கள் பிரிவு முடிந்துவிட்டது, நன்றி" என்று போய்விட்டார்கள். நாங்கள் எந்தப் பிரிவு என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அது என்ன பிரிவு?


#8 | கதவுதட்டி | திங்கள் மதியம் 1.45

அப்பாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லக்கூடாது என்றுதான் எங்களுக்கே பயிற்சி.

அதற்கு என்.சி.சி.எஸ். என்று பெயர், குடும்பங்களை வசதிப்படி பிரிக்கும் நுகர்வோர் வகைப்பாடு. 2011-இல் வந்தது. அதற்கு முந்தையதில், நகரங்களில், குடும்பத்துக்கு முக்கியமாகச் சம்பாதிப்பவரின் தொழிலும் படிப்பும் பார்ப்போம். தொழிலை வகைப்படுத்துவதில் சண்டை வந்துகொண்டே இருந்ததால், படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் பதினொரு சாமான்களை வைத்தார்கள். மின் இணைப்பு, சீலிங் ஃபேன், எரிவாயு அடுப்பு, இரு சக்கர வண்டி, கலர் டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏ.சி., விவசாய நிலம். எத்தனை இருக்கிறது என்று எண்ணி, படிப்போடு சேர்த்துக் கட்டத்தில் விரல் வைத்தால் ஏ1-இலிருந்து இ3 வரை பன்னிரண்டில் ஒன்று வரும்.

டெல்லியிலும் மும்பையிலும் உட்கார்ந்து வரைந்த கட்டம். தமிழ்நாட்டில் இறங்கியதும் என்ன ஆயிற்று என்று ஃபீல்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கே 2006 செப்டம்பரிலிருந்து அரசே கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கிவிட்டது. கட்டம் வந்த அதே 2011-இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப். கேள்வி, "விலை கொடுத்து வாங்கினீர்களா?" என்பதில்லை, "வீட்டில் இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது. ஆக, ஓலைக் கூரையின் கீழ் இரண்டு சாமான் கூடுதல் மதிப்பெண்.

அருப்புக்கோட்டைக்கு அருகே ஒரு வீடு இன்னும் கண்ணில் நிற்கிறது. லேப்டாப் அது வந்த பையிலேயே, மஞ்சள் துணி சுற்றி, அரிசி டிரம்மின் மேல். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், பாட்டரி உப்பிவிட்டது, தூக்கிப் போட மனமில்லை. டி.வி.யின் மேல் சாமி படமும் ஊதுபத்திச் செருகியும். அந்த அம்மா தினக்கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறவர். என் டேப்லெட் அவரை நடுத்தர வகுப்புப் பிரிவு ஒன்றில் போட்டது. சென்னையில் இதைச் சொன்னபோது, "மாதிரியில் அப்படி ஓரிரண்டு வரும்" என்றார்கள். ஓரிரண்டு வீடா, ஓரிரண்டு மாவட்டமா என்று கேட்டேன். தேநீர் வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

இப்போது சாமான் எண்ணுவதை விட்டுவிட்டு மறுபடி தொழிலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கூடவே வீட்டிலேயே அதிகம் படித்த ஆணின் படிப்பு, அதிகம் படித்த பெண்ணின் படிப்பு. அந்த மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் என்ன வாங்குவது என்பது பத்தாவது படித்த மகளிடம் எத்தனையோ வீடுகளில் ஏற்கெனவே போய்விட்டது. கட்டம்தான் தாமதமாக வந்தது.


#9 | சந்தேகப்பிராணி | திங்கள் மாலை 5.02

லேப்டாப் கதையை நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் பீரோ மேல் ஒன்று இருக்கிறது.

ஆனால் இப்போது கம்ப்யூட்டரே ஆயிரம் பேராக நடித்துப் பதில் சொல்லிவிடும் என்கிறார்களே? உங்களுக்கு வேலை இருக்குமா?


#10 | கதவுதட்டி | திங்கள் மாலை 6.30

போட்டுப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது. ஒருவரும் "தெரியாது" சொல்லவில்லை, ஒருவரும் முரணாகப் பேசவில்லை. எனக்கு அந்த நாற்பது தாள் பையன் நினைவுக்கு வந்தான். அவனுக்காவது பெட்ரோல் செலவு என்று ஒரு காரணம் இருந்தது.


#11 | முதுகலை_இரண்டாமாண்டு | திங்கள் இரவு 9.40

வணக்கம் ஐயா. புள்ளியியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? எந்த மென்பொருள்? கணக்குவாத்தியார் ஐயாவும் சொன்னால் நல்லது.


#12 | கதவுதட்டி | செவ்வாய் காலை 7.20

மென்பொருள் எதுவானாலும் ஆறு மாதத்தில் வந்துவிடும். முதல் ஆறு மாதம் ஃபீல்டுக்குப் போகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்பார்கள், முதுகலை படித்துவிட்டு வெயிலில் ஏன் என்பார்கள். போங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், காசு செலவில்லை. உங்கள் தெருப் பெட்டிக்கடையில் ஒரு மணி நேரம் நின்று, யார் எப்படிக் கேட்டு என்ன வாங்குகிறார்கள் என்று அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "பச்சை சோப்பு", "அன்றைக்குக் கொடுத்தாயே அது", "ஐந்து ரூபாய்க்கு ஷாம்பு". பிராண்டின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கேள்வித்தாள் எழுத உட்காரும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பை சாஷே என்ற சிறு பாக்கெட்டில் அடைத்தது எல்லோருக்கும் தெரியும். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி சிக் ஷாம்பை எடுத்துவந்தார். காலி சாஷேகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். முதலில் எந்த கம்பெனி சாஷேயானாலும் சரி என்றார், பிறகு சிக் சாஷே மட்டும் என்றார். ஊருக்குள் எந்த ஷாம்பு எவ்வளவு ஓடுகிறது என்பது கடை வாசலில் குவிந்துகிடந்திருக்குமே! என் கண்ணுக்கு அது விளம்பரமாக மட்டும் தெரியவில்லை, கேள்வி கேட்காமல் நடத்திய கணக்கெடுப்பாகத் தெரிகிறது.

அந்த மாதிரிக் கண்ணுக்கு முன்னோடி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1930 வாக்கில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடி ஊரே வேலை இழந்தது. அங்கே ஆய்வுக்குப் போன யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர், தெருவில் ஆண்களும் பெண்களும் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்து அளந்தார்கள். வேலை இழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு நிற்க நேரமில்லை. வீட்டு வேலை மூடப்படவில்லையே. எந்தக் கேள்வித்தாளிலும் வராத பதில். அந்தக் குழு செலவுக்குப் பணம் சம்பாதித்தது எப்படி? சோப்பு, செருப்பு என்று சந்தை ஆய்வு செய்துதான்.


#13 | கணக்குவாத்தியார் | செவ்வாய் காலை 8.05

மாணவருக்கு: கதவுதட்டி சொல்வதோடு, மாதிரியெடுப்புக் கோட்பாட்டைத் தேர்வுக்காக அல்லாமல் மறுபடி ஒரு முறை படியுங்கள். இரண்டும் வேண்டும். வெயில் மட்டும் போதாது.


#14 | தீக்குச்சி | செவ்வாய் இரவு 10.15

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் எல்லோரும் வேலையைப் பற்றியே கேட்கிறீர்கள், தீப்பெட்டியை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

நாங்கள் மூன்று தலைமுறை இந்தத் தொழில். எங்கள் ஆச்சி வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார். மெல்லிய மரத் தகட்டை மடித்து, நீலத் தாளைச் சுற்றி, பசை தடவி, மேலே படத்தாள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் 144. ஆச்சியின் பெருவிரல் நகம் கடைசிவரை நீலமாகவே இருந்தது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய கதையை ஆச்சி ராமாயணம் மாதிரி சொல்வார். அதற்கு முன்பெல்லாம் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெட்டி வந்துகொண்டிருந்தது, நம் சாமி படத்தைப் போட்டே.

அட்டைப் பெட்டி வந்த பிறகு படத்தை அட்டையிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். ஊறவைத்துப் பிரிக்க இனி தாள் இல்லை. 2021 டிசம்பரில் பதினான்கு வருடம் கழித்து ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாய் ஆனது நினைவிருக்கும். சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425-இலிருந்து 810-க்குப் போய்விட்டது, மெழுகும் ஏறியது. விலையை இரட்டிப்பாக்கிவிட்டுக் குச்சியை 36-இலிருந்து 50 ஆக்கினோம். இடையில் ஒன்றரை ரூபாய் வைக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். எட்டணாவுக்குச் சில்லறை எந்தக் கடையில் இருக்கிறது?

கதவுதட்டி, உங்கள் முதல் குதிரைப் படத்தைப் போடுங்கள் பார்ப்போம்.


#15 | கதவுதட்டி | செவ்வாய் இரவு 11.30

உங்களை எதிர்பார்த்துத்தான் இழை தொடங்கினேன் போலிருக்கிறது. எட்டணாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு நாங்கள் விலை ஆய்வு என்று முப்பது பக்கம் எழுதுவோம்.

படம் இணைத்திருக்கிறேன். ஆல்பத்தின் முதல் பக்கம். கீழே என் கையெழுத்தில் "குதிரை, திருமங்கலம், 2003". கொஞ்சம் வெளுத்துவிட்டது. என் மனைவி இந்த ஆல்பத்துக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அவளுக்கு என்மேல் வேறொரு கோபமும் உண்டு. எந்தக் கேள்வித்தாளிலும் முதல் கேள்வியே, "உங்கள் குடும்பத்தில் யாராவது சந்தை ஆய்வு, விளம்பரம், பத்திரிகைத் துறையில் இருக்கிறார்களா?" என்பதுதான். ஆமாம் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிடுவார்கள். கல்யாணமான நாள் முதல் அவள் கருத்தை இந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை.


#16 | மல்லிகைப்பந்தல் | புதன் காலை 8.10

வீட்டிலாவது கேட்கிறீர்களா அண்ணா?


#17 | தீக்குச்சி | புதன் காலை 9.25

படம் பெரிதாக்கிப் பார்த்தேன். என் சித்தப்பாவிடமும் காட்டினேன், அவர் அச்சகத்தில் இருந்தவர்.

இது குதிரை இல்லை. மான்.

தலைக்கு மேல் பாருங்கள், இலேசாக இரண்டு கிளை தெரிகிறது. கொம்பு மஞ்சள் மையில் அடித்தது. மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். வாலையும் பாருங்கள், குதிரைக்கு அவ்வளவு குட்டை வாலா? சித்தப்பா பார்த்தவுடன் சொல்லிவிட்டார், சாத்தூர் பக்கத்து சரக்கு என்று.


#18 | கதவுதட்டி | புதன் காலை 10.02

இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தைத் திறந்துதான் எல்லோருக்கும் காட்டுகிறேன். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொம்பு இருக்கிறது.

அப்படியானால் அன்று நான் வட்டம் போட்ட எண் தவறு. வேறோர் ஊரில், வேறொரு கம்பெனிக்கு, ஒரு வீட்டைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். பெட்டி கைக்கு வந்த பிறகாவது பார்த்திருக்கலாம். தாளை மடித்து வைத்துவிட்டேன்.


#19 | கணக்குவாத்தியார் | புதன் காலை 10.20

அந்த அம்மையார் கண்ணாடி போட்டிருந்தாரா?


#20 | கதவுதட்டி | புதன் காலை 10.31

நினைவில்லை ஐயா. தாளில் அதற்குக் கட்டம் இல்லை.


#21 | தீக்குச்சி | புதன் காலை 11.15

அந்த அம்மாமேல் தவறில்லை. எங்கள் பக்கம் மயில் படப் பெட்டியைக் கோழி என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கடைக்காரருக்குத் தெரியும், எந்த வீட்டுக்கு எது கோழி என்று. அந்த அம்மா தன் ஊர்க் கடையில் போய் "குதிரை ஒன்று" என்றால் கடைக்காரர் இந்த மானைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்.


#22 | கதவுதட்டி | புதன் மதியம் 12.40

ஆல்பத்தில் "குதிரை" என்பதை அழிக்கவில்லை. பென்சிலால் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "மான். கடையில் கேட்பது குதிரை என்று."

தீக்குச்சி, உங்கள் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இரட்டையாக இருக்கும் அறுபது தாள் அனுப்புகிறேன். பதிலுக்கு எதுவும் வேண்டாம், ஆச்சி ஒட்டிய பெட்டி ஏதாவது வீட்டில் கிடந்தால் ஒரு போட்டோ மட்டும்.


#23 | சந்தேகப்பிராணி | புதன் இரவு 9.05

எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறையில் லைட்டர்தான் இருக்கிறது. சாமி அலமாரியில் மட்டும் ஒரு தீப்பெட்டி. இத்தனை வருடம் தினமும் காலையில் விளக்கேற்றுகிறேன், படம் என்ன என்று கேட்டிருந்தால் ரோஜா என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

தாமரை.